சட்டைப்பையில் வைத்த கை

என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். மலேசியாவில் கோலா கங்சார் பக்கத்தில், முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனை மரங்களும் புது வீடுகளுமாகிவிட்ட இடங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவில் இறக்கிவிடுவார். நானும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தேன். அவருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கை எனக்கு.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இளவயதில் தோட்டத்துப் புகைவீட்டில், ரப்பர் ஷீட்டுகளை விறகுப் புகையில் உலர்த்தும் வேலை. அதோடு சிகரெட்டும். முதலாளி தோட்டத்தை விற்ற பிறகு இருவரும் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்தோம். மாடிப்படி ஏறினால் இரைக்க ஆரம்பித்தது. டாக்டர் நோயின் பெயர் சொல்லி விளக்கிய அன்றே சிகரெட்டை விட்டார். வாயில் வைத்து இழுக்கும் பம்ப் ஒன்று கொடுத்தார்கள். அதோடு காலம் போயிற்று.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். படி ஏறத் திணறுகிறவர், அவ்வளவு பெரிய வண்டியைக் குழந்தையை நடத்திக்கொண்டு போவதுபோல் ஓட்டுவார். "அண்ணே ஓட்டுனா நல்லா தூக்கம் வருது லா" என்பார்கள் பெண்கள். அதைக் கேட்டால் அவர் முகத்தில் வரும் சிரிப்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு கட்டத்தில் அவர் அடிக்கடி சட்டைப்பையில் கை வைப்பதைக் கவனித்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடது கை மெல்ல மேலே போகும். சிறிது நேரம் அங்கேயே இருக்கும். சிகரெட் பெட்டி இருந்த இடம் அது. வீட்டில் பின்பக்கம் போய்த் தனியாக நிற்கவும் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"என்ன ஆரம்பிச்சேன்?"

"சிகரெட்டு. கை எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா. ஒண்ணு ரெண்டு இழுத்தேன். இனிமே இல்ல" என்றார்.

அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசப் பல நாள் ஆயிற்று. பஸ்ஸிலும் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பழைய சாலையில் பஸ் மெல்ல ஓரம் கட்டியது. இஞ்சின் நின்றது. சிக்னல் விளக்குகள் எல்லாம் மினுமினுக்க, கைபிரேக்கைப் போட்டுவிட்டு அவர் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்தார்.

நான் ஓடினேன். சட்டை முழுக்க வியர்வை. கையில் பம்ப். எத்தனை தடவை இழுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"மூச்சு முட்டுதா?"

"மூச்சு இல்ல... நெஞ்சு. கண்டபடி ஓடுது."

அவர் மார்பில் கை வைத்தேன். கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட பறவை மாதிரி அடித்தது. வேகமாக நாலு, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு மறுபடி தடதடவென்று. பெண்களில் ஒருத்தி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். இன்னொருத்தி துப்பட்டாவால் விசிறினாள். அவர் அந்த நிலையிலும், "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா லா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த பெண் டாக்டர் தமிழில்தான் பேசினார். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார். நுரையீரல் கெட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், இதயம் கூடுதலாகப் பாடுபடும், ஒருநாள் தாளம் தவறும். பம்பை அளவுக்கு மேல் இழுத்தால் ஓட்டம் இன்னும் கூடும். தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டிக்கொண்டால், அது மூளைக்குப் போய் பக்கவாதத்தில் படுக்கவைத்துவிடும் என்றும் சொன்னார்.

"அங்கிள், இது எப்ப இருந்து?"

"இன்னிக்குத்தான்."

டாக்டர் மறுபடியும் நாடி பிடித்துப் பார்த்தார். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நாளாவே இருக்கு. கைய வச்சுப் பாத்துக்குவேன், அடங்கிடும். சொன்னா பஸ்ஸ ஓட்டாதேம்பாங்க."

"அப்ப சிகரெட்டு?"

"தொடவே இல்ல. நீ அப்படி நெனச்சா பரவால்லன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தான் செய்யாத தவறை ஒப்புக்கொண்டு, என் கோபத்தையும் மௌனத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த நெஞ்சோடு இந்த மனிதர் எங்கள் எல்லாரையும் ஏற்றிப் போய் வந்திருக்கிறார்.

இனி பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். முன்பே வந்திருந்தால் மாத்திரையிலேயே அடக்கியிருக்கலாமோ, பஸ்ஸை விட வேண்டியிருந்திருக்காதோ என்று அவர் பிறகு கேட்டார். "இருக்கலாம் அங்கிள், உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' அவரை வாட்டியது. பஸ்ஸை வேறொருவர் ஓட்ட ஆரம்பித்த முதல் நாள், வாசலுக்குக்கூட வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை, ஓட்டத்தைக் குறைக்க ஒன்று. சில வருடங்கள் இருந்தார். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, இதயம் மறுபடி தாளம் தப்பி, இந்த முறை திரும்பவில்லை.

அந்தச் சில வருடங்களில் எதையும் அவர் மறைக்கவில்லை. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன், கூடத்திலிருந்து குரல் வரும்: "இந்தா, இப்ப ஒரு அடி விட்டுப்போச்சு." கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சரியானதும், "போ, அடுப்பப் பாரு" என்பார். இவ்வளவு எளிதான பேச்சை ஏன் அத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.