வாடகைப் போனும் ஏழாவது பிரிவும்

2001-ஆம் வருடம் மார்கழியில் என் மனைவி ராஜேஸ்வரி காலமானாள். தை பிறந்ததும் நான் செய்த முதல் காரியம், அவளுக்காக வாடகைக்கு எடுத்திருந்த செல்போனைக் கடையில் திருப்பிக் கொடுத்தது. அதற்கு அடுத்த இரண்டு மாதம், அந்தப் போனைக் கெடுத்தது நானில்லை என்று நிரூபிப்பதிலேயே போயிற்று. முருகன் எனக்கு என்ன செய்தான் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கெட்டுப்போன ஒரு போனிலிருந்து தொடங்காமல் அதைச் சொல்ல முடியாது.

நான் அரசுக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பொருள் வெளியே போவது, திரும்பி வருவது, உடைந்தது, தொலைந்தது எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அது எந்தப் படிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வில்லாபுரம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஓய்வு பெற்ற மறுவருடமே ராஜிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் மருந்துக்கும் மாத்திரைக்கும் நான் வெளியே போனால் அவள் தனியாக இருக்கப் பயந்தாள்.

அதனால்தான் அந்தப் போன். அப்போது விலைக்கு வாங்குவதென்றால் என் பென்ஷன் தாங்காது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்குக் கொடுத்தார்கள். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு என்பதால் எடுக்கவே கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவள் வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுவாள். ஒரு மணி அடித்து நின்றால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு மணி என்றால், ஏதோ வாங்க வேண்டும், கூப்பிடுங்கள். நிற்காமல் அடித்தால், உடனே வாருங்கள்.

பஸ்ஸில், மருந்துக் கடையில், பென்ஷன் ஆபீஸ் வரிசையில் எல்லாம் என் சட்டைப் பையில் ஒரு மணி அடித்து நிற்கும். நானும் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு அவளால் நிற்க முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டில் இருந்த அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பழைய டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். டயாலிசிஸுக்குப் பிறகு அவள் விரல் நடுங்கும். வைக்கிற பொட்டு வட்டமாக நிற்காது, ஒரு பக்கம் வால் இழுத்துக்கொண்டு போகும். வரிசை முடிந்ததும் போனுக்குக் கை நீட்டினாள்.

"அதுக்கு வேண்டாம் ராஜி. வாடகைப் பொருள்."

"வாடகைக்கு வந்தா என்ன? நமக்காக அதுவும் எம்புட்டு உழைக்குது."

"உழைப்பு நமக்கு, உடைமை கடைக்காரனுக்கு. கருவியில எந்தக் குறியும் இடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஏழாவது பிரிவு சொல்லுது."

"சரிங்க ஆபீசர். உங்க ஏழாவது பிரிவுக்கு என்னால ஒரு பங்கமும் வராது" என்று சிரித்தாள். நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டேன். அந்த வீட்டில் அவள் சிரித்துக் கேட்டது அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

மார்கழி பாதியில் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சட்டைப் பையில் போன் அடிக்கவே இல்லை. அடிக்காத போனைச் சுமந்துகொண்டு ரேஷன் கடைக்குப் போய் வந்த அன்று, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடையில் போனை வாங்கிக்கொள்ளும் மேஜையில் பத்மா என்று ஒரு பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்; யாருடனோ போனில் அந்த மொழியில் பேசிக்கொண்டே என் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். வச்சுட்டுப் போங்க."

"வச்சுட்டுப் போறதுன்னு ஒரு நடைமுறை கிடையாதும்மா. ஒப்புகை எழுதித் தாங்க."

அவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினார். 'முழுமையாகச் சோதித்து, கருவி எண் சரிபார்த்து, நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.' அந்த எண் போனுக்குள், பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும். நான் கழற்றவில்லை, ஒப்பந்தத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். அவரும் கழற்றவில்லை, கேட்டு எழுதினார். கிடங்கில் என் கீழே வேலை பார்த்த யாராவது இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டுத் தாள் கொடுத்திருப்பேன்.

மாசியில் கடையிலிருந்து கடிதம் வந்தது. பேட்டரிக்கு அடியில் ஈரம் பட்டு, செந்நிறப் பொருள் படிந்து, இணைப்புகள் அரித்துவிட்டன. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது. மேற்கொண்டு மூவாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்.

அன்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. விடிந்தால் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் இருந்தவனுக்கு ஒரு எதிரி கிடைத்தான். டைப்ரைட்டரைத் துடைக்காமல் அப்படியே முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐந்து கடிதம் அடித்தேன், எல்லாம் பதிவுத் தபாலில். கூட்டுச் சோதனை நடத்தாமல் சேதம் விதித்தது எப்படி என்று முதல் கடிதம். உங்கள் ஊழியரே நல்ல நிலை என்று எழுதித் தந்திருக்கிறாரே என்று இரண்டாவது. செந்நிறம் என்கிறீர்களே, உங்கள் கடையில் வெற்றிலை போடும் பழக்கம் யார் யாருக்கு உண்டு என்று விசாரித்தீர்களா என்று மூன்றாவது. அதை அடித்துவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன். ஐந்தாவதில் நுகர்வோர் நீதிமன்றம்.

அவளுக்காக அழ வேண்டிய நேரத்தையெல்லாம் தட்டச்சில் தீர்த்தேன்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் பத்மா வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீதிமன்றம் அது இதுன்னு எழுதுனதுல மேனேஜர் பயந்துட்டாரு. சோதிக்காமலே சோதிச்சேன்னு எழுதிக் குடுத்தியான்னு என்னையக் கேக்குறாரு. மாசக் கடைசியோட நின்னுக்கன்னுட்டாரு."

"எழுதினது நீங்கதானே?"

"நீங்க சொல்லித்தான சார் எழுதுனேன்? ரெண்டு பிள்ளைக இருக்கு சார். அவுக அப்பா இல்ல. இந்தச் சம்பளம்தான்."

"கையெழுத்துப் போடறதுக்கு முந்தி படிச்சுப் பார்க்கணும்மா. அதுதான் நடைமுறை."

அவர் சுவரில் மாலை போட்டிருந்த ராஜியின் படத்தைப் பார்த்தார். "அம்மா இருந்திருந்தா இப்படிப் பேச விட்டிருக்க மாட்டாங்க சார். வாரேன்" என்று படியிறங்கிப் போனார்.

என் பக்கம்தான் நியாயம். காகிதத்தில் ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கிருத்திகை. ராஜி இருந்தவரை ஒரு கிருத்திகைகூடத் தவறாமல் திருப்பரங்குன்றம் போவோம். அவள் போன பிறகு நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. டயாலிசிஸ் நாட்களில் எல்லாம் முருகனிடம்தானே கேட்டேன், என்ன செய்தான் என்ற கோபம். அன்று பசுமலை தாண்டும்வரை பஸ்ஸில் இருந்து இறங்கிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய் நின்றேன். எனக்கு உருகத் தெரியாது. மேலதிகாரியிடம் மனு கொடுப்பது போலத்தான் கேட்டேன். 'முருகா, அவளைக் கேட்டேன், தரவில்லை. அதை விடு. அந்தப் போனைக் கெடுத்தது யார் என்று மட்டும் எனக்குக் காட்டு. காட்டினால் அந்தப் பெண்ணை விட்டுவிடுகிறேன்.' கேட்கும்போதே அது கடைக்காரர்களில் ஒருவன்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். முருகனிடம் தீர்ப்புக் கேட்கவில்லை, கையெழுத்துத்தான் கேட்டேன்.

ஐந்தாம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. கூட்டுச் சோதனைக்குச் சம்மதமாம். போனேன். மேனேஜர், பழுது பார்க்கிறவர், பத்மா, நான். பத்மா என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் போன் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க சார். அப்புறம் நாங்க வெத்தலை போட்டோம்னு எழுதாதீங்க" என்றார் மேனேஜர். பழுது பார்க்கிறவரிடம், "மாப்ள, கழட்டு" என்றார்.

பின்மூடியைக் கழற்றினார். பேட்டரியை எடுத்தார். கருவி எண் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளின் நடுவில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் குங்குமம். வட்டமாக இல்லை. ஒரு பக்கம் வால் இழுத்துக்கொண்டு போய், சந்தனத் தண்ணீர் ஓடிய இடத்தில் இணைப்புகள் பச்சை பிடித்திருந்தன.

ஐந்து கடிதம் அடிக்கும்போதும் என் கண்ணுக்கு எதிரே, டைப்ரைட்டர் நெற்றியில் இருந்தது அதே பொட்டு. அதே வால்.

கடையில் சிம் போட்டபோது மூடியை எப்படிக் கழற்றுவதென்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரத்தில், நடுங்கும் விரலோடு திறந்து, எனக்குத் தெரியாத இடத்தில் வைத்து, மூடியிருக்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் ஏழாவது பிரிவுக்கு ஒரு பங்கமும் தெரியவில்லை. மூன்று மாதம் அதைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"என்ன சார், பாத்தாச்சா?" என்றார் மேனேஜர்.

நான் அழுதேன். அவள் இறந்த அன்று அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. மூன்று அந்நியர்கள் முன்னால், ஒரு கடையின் பின் அறையில் அழுதேன். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பத்மா தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க சார்" என்று தம்ளரை என் கையில் பிடித்துவைத்தார்.

பிறகு அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். சேதத்துக்குப் பொறுப்பு நான். ஒப்புகையின் வாசகம் என்னுடையது. நான் வற்புறுத்தியதால் இந்த ஊழியர் எழுதினார். அவர் மேல் நடவடிக்கை எடுப்பது முறையாகாது. வெற்றிலை பற்றிய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மேனேஜர் படித்துவிட்டு, "பத்மா, நாளைக்கு நேரத்துக்கு வந்துரு. இனிமே கழட்டிப் பாத்து எழுது" என்றார். பத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

பணத்தைக் கட்டினேன். கட்டியபின், சேதமான கருவி இனி கடைக்கு உதவாது, முழு மதிப்பையும் செலுத்தியவருக்கே அது சேர வேண்டும் என்றேன். என் வாழ்நாளில் நடைமுறை எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அன்பர்களே, அவள் திரும்பவில்லை. அந்தத் துக்கம் குறைந்தது என்று நான் சொன்னால் பொய். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வந்தது, அதுவும் ஐந்தே நாளில். எந்த அலுவலகத்திலும் நான் அவ்வளவு சீக்கிரம் பதில் கண்டதில்லை. குற்றவாளியின் பெயரை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். முருகன் அதை அடித்துவிட்டு, நான் தேடிக்கொண்டிருந்தவளின் பெயரை எழுதித் தந்தான். ஒரு பெண்ணின் பிழைப்பை என் கையிலிருந்து காப்பாற்றினான். மறுபடி கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போகிறேன். யாரிடமாவது கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்க்கிறேன். உங்களில் யாராவது கசந்துபோய், இனிக் கேட்பதில்லை என்று இருந்தால், என்னைப் போல முரட்டுத்தனமாகவாவது போய்க் கேளுங்கள். பதிலுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள்.

போன் இப்போது பூஜை அலமாரியில், அவள் படத்துக்குக் கீழே இருக்கிறது. சென்ற சரஸ்வதி பூஜைக்கு நான்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எனக்கும் விரல் நடுங்கத் தொடங்கிவிட்டது. போனுக்கு மூடியைக் கழற்றவில்லை. வெளியிலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தேன்.