நாலாவது பூச்சு

பசையைக் குழைத்ததும் சவிரிமுத்து செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். எப்பொக்சிப் பசை இறுகும் நேரத்தை அவர் மணிக்கூட்டில் பார்ப்பதில்லை, அருள்நிறைந்த மரியே செபத்தில்தான் பார்ப்பார். முதல் பத்து முடியுமுன் பூசியாக வேண்டும்.

“செபம் சொல்லுறியளோ, பசை காயுதோ எண்டு பாக்கிறியளோ?” என்று குசினிக்குள்ளிருந்து மனைவி பியற்றிஸ் கேட்பார்.

“ரெண்டும் ஒண்டா நடந்தா மாதா கோவிக்கமாட்டா.”

கிங்ஸ்பரி வீட்டின் சாப்பாட்டு மேசை பங்குனிக்குப் பிறகு சாப்பாட்டைக் காணவில்லை. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ரொக்கெட் ஒன்று அதில் படுத்திருக்கிறது. கடதாசிக் குழாய், மூன்று பலகைச் சிறகுகள், நைலோன் பரசூட். பரசூட் ஒட்டாமல் விரிவதற்கு அவர் குழந்தைப் பவுடர் தட்டுவார். அந்தப் பவுடர் பியற்றிஸ் பூசைக்குக் கட்டும் சேலைவரை போயிருக்கிறது. இருவரும் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

பஸ் டிப்போவில் அடிபட்ட பஸ்களுக்கு ஒட்டுப்போடுவது சவிரிமுத்துவின் தொழில். முன்பு ஊரில், பேசாலைக் கடற்கரையில், பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டவர். பெரிய மோட்டர் வைத்துப் பறக்கவிட ரொக்கெட் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். போன வருடம் அதற்காக விட்ட ரொக்கெட் நன்றாகத்தான் ஏறியது, பரசூட்டும் விரிந்தது. தரையில் குத்தியபோது ஒரு சிறகு முறிந்துவிட்டது. மறுபடி பறக்க முடியாத ரொக்கெட்டுக்குத் தேர்ச்சி கிடையாது. அன்று பிடித்தது இந்தப் பூச்சுப் பைத்தியம். ரொக்கெட் பெட்டியோடு வந்த செய்முறைத் தாள், சிறகின் அடியில் மெல்லியதாக ஒரு பூச்சுப் போதும் என்கிறது.

“உந்தத் தாளை எழுதினவன் வள்ளத்திலை ஏறியிருக்கமாட்டான்” என்று நாலு பூச்சுப் பூசிவிட்டார்.

பியற்றிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஞாயிறு மறுபடி விடப்போவதும் தவறினால் ரொக்கெட், பசை, பவுடர் எல்லாம் வீட்டைவிட்டுப் போகவேண்டும். மடுமாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி அவரை ஓம் சொல்லவைத்தார்.

சனி பின்னேரம் வருண் வந்தார். அவர்களுடைய கோயில் பங்கைச் சேர்ந்தவர், சான்றிதழ் ஏற்கெனவே எடுத்தவர். ரொக்கெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அது சரியாமல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். தாளில் சொன்ன எல்லையைத் தாண்டி, கோடு வால்பக்கம் விழுந்திருந்தது.

“அண்ணை, வால் பாரம். நேர போகாது, புரளும். நாளைக்குச் சங்கத்துக்காரர் விடமாட்டினம்.”

“மூக்குக்குள்ளை ஈயக்குண்டு போடுவம்.”

“போட்டா உந்த மோட்டர் தூக்காது. பூசினதைத் தேய்ச்சு எடுங்கோ.”

“எடுத்தா முறியும்.”

“முறியிறதுக்கும் முதல் பறக்கவேணுமே.”

பியற்றிஸுக்குப் பொறுமை போய்விட்டது. வருண் நீட்டிய சாண்ட் பேப்பரைப் பறித்தார். “விடுங்கோ, நான் தேய்க்கிறன். இந்த வீட்டிலை அடிப்பிடிச்ச சட்டியெல்லாம் ஆர் தேய்ச்சது?”

“ஏலாது அக்கா” என்றார் வருண். “பறக்கவிடுற ஆள்தான் எல்லாம் செய்யவேணும். அது சட்டம்.”

“அப்ப உந்த மனிசனுக்கு நீரே சொல்லும். எனக்கு வாய் வலிக்குது.” சாண்ட் பேப்பரை மேசையில் போட்டார்.

சவிரிமுத்து சிறகின் அடியைப் பெருவிரலால் இரண்டு தரம் தடவினார். பிறகு சாண்ட் பேப்பரை எடுத்து மடித்து வைத்து அழுத்தினார். பூச்சு வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கியதும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.