ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

2003 கோடையில் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. வந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்தேன். நான் ஓட்டிய பழைய அம்பாசிடர் டாக்ஸிதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஏப்ரல் முழுவதும் எஞ்சின் சூடேறிக்கொண்டே இருந்தது. நல்ல தண்ணீர் கேட்டபோது மனைவி குடத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"புள்ளைங்க குடிக்கவே தண்ணி இல்ல. உன் காருக்குக் கேக்குதா நல்ல தண்ணி?"

அதனால் தினமும் ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றினேன். கடலோரத்து உப்பு அது.

மே மாதத்து முதல் திங்கட்கிழமை, எண்ணூர் சாலையில் வண்டி ஆவி கக்கி நின்றது. சாலையில் போன இரண்டு பேர் கைகொடுக்க, பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிப்போனேன். மெக்கானிக் எஞ்சினை ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே டீயின் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ மிதந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணில ஆயிலு கலந்துகீது நைனா. ரெண்டையும் பிரிக்கிற கேஸ்கட் பூட்ச்சி. இன்னா தண்ணி ஊத்தினே?"

"போர் தண்ணி."

"அதான் உப்பு அடச்சிகினு கீது. காருக்கு ஊறுகா போட்டுகீறியே மாமு!"

பட்டறையே சிரித்தது. மாலைவரை எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர், எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கிலும் விரிசல் விழுந்துவிட்டது, இனி இந்த எஞ்சின் தேறாது என்றார்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அன்று லாரி வந்திருந்தது. வாசலோரம் ஒரு குடம் தனியாக, தட்டுப் போட்டு மூடியிருந்தது.

"வண்டிக்கு எடுத்து வெச்சேன்" என்றாள் மனைவி.

எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது.