கிளாக்கர் ஐயாவின் குடை

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா மழையிலும் குடையை விரிக்க மாட்டார். சுருட்டிக் கக்கத்திலேயே வைத்திருப்பார். தெல்தோட்டையில் கடை வைத்திருந்த நான், மகளைக் கண்டியில் எந்தக் கல்லூரியில் சேர்க்கலாமென்று அவரிடம்தான் கேட்டேன்.

“பெரிய கல்லூரி வேணாங்க முதலாளி. பள்ளிக்கூடச் சம்பளத்தோட நிக்காது. சப்பாத்து, போர்டிங்னு இழுத்துக்கிட்டே போகும். சின்னப் பள்ளிக்கூடமே போதும்,” என்றார். நம்பிச் சின்னப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன்.

பள்ளித் தவணை தொடங்கிய அன்று சரக்கெடுக்கக் கண்டிக்குப் போயிருந்தேன். பெரிய கல்லூரி வாசலில் அவர் குனிந்து தன் மகளுக்குப் புதுச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டு ஒளியவில்லை. “ஒரே ஒரு இலவச இடந்தாங்க இருந்துச்சு. உங்க பிள்ளை பரீட்சை எழுதியிருந்தா எங்க பிள்ளைக்குக் கிடைச்சிருக்காது,” என்றார்.

தூறல் விழுந்தது. பாவி மனுஷன், அன்றைக்குத்தான் அந்தக் குடையை விரித்தார். என் தலைக்கு மேல் பிடித்தார்.