நாகையாவின் நெருப்பு உதை

காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த நாகையாவுக்கு முப்பத்திரண்டு வயதில் பார்வை போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார்கள். முதலில் வலது கண், எட்டு மாதத்தில் இடது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் வாயைத் திறந்ததே சாப்பிடத்தான். அதுவும் மனைவி புஷ்பவல்லி தட்டைக் கையில் திணித்தால்!

பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். கீழ்த்தளத்தில் ஜெயராஜின் கம்ப்யூட்டர் கடை. புருஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானே என்று புஷ்பவல்லி அங்கிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். கூடவே ஒரு ஜாய்பேடும் ஒரு சண்டை விளையாட்டும்.

நாகையாவுக்கு அந்த விளையாட்டு காதாலேயே பிடிபட்டது. எதிரி இடப்பக்கம் நின்றால் இடது ஸ்பீக்கரில் காலடி கேட்கும், வலப்பக்கம் நின்றால் வலதில். குனிந்தால் ஒரு சத்தம், குதித்தால் ஒரு சத்தம். வராமல் அடம்பிடித்தது நெருப்பு உதை ஒன்றுதான். கட்டைவிரலைக் கீழே அழுத்தி, அப்படியே முன்பக்கம் நகர்த்தி, அதே மூச்சில் சிவப்புப் பொத்தானைத் தட்ட வேண்டும்; வேறெதற்கும் அந்தப் பொத்தான் உதவாது. கண் தெரிந்தவர்களுக்கே பத்துக்கு மூன்று வந்தால் பெரிது. ஒரு மாதம் முயன்றும் அவனுக்கு வரவில்லை. திடீரென்று ஒருநாள் வந்தது. மறுநாளும் வந்தது. அப்புறம் வராத நாளே இல்லை!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயராஜின் கடையில் அவனோடு மோதக் கூட்டம் கூடியது, அவன் ஜெயிக்க ஜெயிக்கக் கைதட்டியது.

“டேய், கண்ணைத் தொறந்து வச்சிக்கிட்டு அடி வாங்குறியே, வெக்கமா இல்ல?”

“நீ வந்து உக்காருலா! அண்ணன் உன்னையும் மூட்டை கட்டட்டும்!”

நாகையா சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அந்த வாரமே, அதுவரை காதில் போட்டுக்கொள்ளாத டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சியில் சேர்ந்தான். “பாக்குறவனையே போட்டு அடிக்கிறேன், இந்த டெலிபோன் போர்டு என்னலா பெரிய விஷயம்?” என்றான். ஆறு மாதத்தில் முடித்தும் விட்டான். 1997 ஆகஸ்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி.

வியாழக்கிழமை காலை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் பொழுது போகட்டும் என்று விளையாட உட்கார்ந்தான். நடுவில் ஜாய்பேடை மேசைமேல் வைத்துவிட்டுக் கோப்பிக் குவளையைத் தேடினான். முழங்கை எதன் மேலோ பட்டது.

ஹூவ் என்று நெருப்பு உதை போனது.

அவன் கை அப்படியே நின்றது. கட்டைவிரல் எதையும் அழுத்தவில்லையே! தடவிப் பார்த்துச் சிவப்புப் பொத்தானை மட்டும் ஒரே விரலால் அமுக்கினான். உதை. மறுபடி அமுக்கினான். உதை. பத்துக்குப் பத்து. இப்போதுதான் அவன் காது உண்மையில் வேலை செய்தது. குனியும் சத்தம், அடியெடுக்கும் சத்தம், உதை. மூன்றுக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி, ஒரு மயிரிழை பிசகவில்லை. பதினோரு வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? மனுஷன் கால் வைத்த ஆக்சிலேட்டர் இவ்வளவு சீராக ஓடாது.

மதியம் புஷ்பவல்லி சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள்.

“புஷ்பா, இந்தச் செவப்புப் பட்டனை அமுக்கு.”

“சோறு ஆறிடுங்க.”

“அமுக்குன்னா அமுக்கு.”

அமுக்கினாள். உதை போனது.

“அட, நீ எப்ப கத்துக்கிட்ட?”

அவள் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். பிரித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். “ஜெயராஜுதான் ஒரு சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தாரு. மேக்ரோன்னு சொல்வாங்களாம். ஒரு பட்டனை அமுக்குனா மத்ததையெல்லாம் கம்ப்யூட்டரே வரிசையா அமுக்கிடும். நாந்தான் கேட்டேன்.”

“கடையில இருக்கிற கம்ப்யூட்டர்லயும்?”

“ம்.”

“கை தட்டுனானுங்களே, அவனுங்களுக்கு?”

“தெரியும்.”

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! அவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. நாகையாவுக்கு முகம் எரிந்தது.

“ரெண்டு வருஷம் கழிச்சு சிரிச்சீங்க,” என்றாள் அவள். “அதை நான் எப்படிங்க நிறுத்துவேன்?”

“நாளைக்குப் போற எடத்துலயும் மேக்ரோ போட்டு வச்சிருக்கியா?”

குத்திக்காட்டத்தான் கேட்டான். ஆனால் பொட்டலம் பிரிக்கும் சத்தம் நின்றுபோனது.

“எங்க பாஸும் அந்த மேனேஜரும் கூட்டாளிங்க. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவ்வளவுதாங்க.”

நாகையா குச்சியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். “சாப்ட்டுட்டுப் போங்க” என்று பின்னால் அவள் குரல் வந்தது. நிற்கவில்லை.

“வாங்க சாம்பியன்!” என்றான் ஜெயராஜ்.

“மேக்ரோவை எடு. எடுத்துட்டு என்கூட வெளையாடு.”

ஜெயராஜ் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. ஜாய்பேட் நாகையாவின் கைக்கு வந்தது. ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே நாகையா தலையைத் திருப்பினான்.

“நிக்கிறியே ஜெயராஜு. காலடியே கேக்கல.”

“இல்லண்ணே, வந்து…”

“அடிலா!”

ஜெயராஜ் அடித்தான். முதல் ஆட்டம் இருபது விநாடியில் முடிந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து. நாகையாவின் கட்டைவிரல் தோல் எரிய எரியத் தேய்த்தும் நெருப்பு உதை வரவில்லை. ஆறாவது ஆட்டத்தில் ஒன்று வந்தது, காற்றில் போனது. எட்டாவதில் இன்னொன்று, ஜெயராஜின் ஆளைத் தூக்கி எறிந்தது. ஆனாலும் அந்த ஆட்டமும் தோல்விதான். ஒன்பதும் தோல்வி.

“போதும்ண்ணே. மன்னிச்சிக்குங்க,” என்றான் ஜெயராஜ்.

“டெலிபோனைக் கொடு.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எண் அவனுக்கு மனப்பாடம். தேர்வுகளைக் கவனிக்கும் மிஸஸ் மார்க்கிரட்டைக் கேட்டான். இணைப்பு கிடைத்தது. பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் குரலில் தேன் ஒழுகியது.

“ஓ, மிஸ்டர் நாகையா! உங்க பேருக்கு மேனேஜர் ஆல்ரெடி டிக் போட்டுட்டாரே. நாளைக்கு சும்மா வந்து சைன் பண்ணுங்க, போதும்.”

வேலை கையில்! காலை எட்டு மணிக்குப் போய், கூலி வாங்கி, ஒரு மனுஷனாக வீட்டுக்கு வருவதை எத்தனை நாள் நினைத்திருப்பான்! சரி என்ற ஒரே சொல். சொல்லிவிட்டால் முடிந்தது.

“அந்த டிக்கை எடுத்துடுங்க மேடம். மத்தவங்களோட சேத்து என்னையும் டெஸ்ட் பண்ணுங்க.”

“ஆர் யூ ஷுவர்? இன்னும் ஏழு பேர் வாராங்க. ஒரே ஒரு வேலைதான் இருக்கு.”

“எடுத்துடுங்க.”

தேன் போன குரலில், “அப்ப ஷார்ப்பா ஒன்பது மணி. லேட்டா வந்தா உள்ள விட மாட்டேன்,” என்றாள்.

ரிசீவரை வைக்க இரண்டு முறை தடவ வேண்டியிருந்தது. பின்னால் புஷ்பவல்லியின் மூச்சு கேட்டது. எப்போது இறங்கி வந்தாளோ!

“கெடைச்ச வேலைங்க அது.”

“தெரியும்.”

“ஏழு பேருல ஒருத்தன் தட்டிட்டுப் போயிட்டான்னா?”

ஒன்பது ஆட்டத்தில் இரண்டே உதை வந்த கை அது என்பது நாகையாவுக்குத் தெரியாதா?

“நாளைக்கு நீ லீவு போடாதே,” என்றான். “பஸ் நம்பரை மட்டும் சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். கோபத்தோடு நம்பரைச் சொன்னாள்.

“எங்க எறங்கணும்?”

“அதையும் நான் சொல்லணுமா? டிரைவருகிட்ட நீங்களே கேட்டுக்கங்க!” என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று விறுவிறுவென நடந்து போனாள்.