உபவாச நாளில் என் மகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த வீடு

அன்பான பிள்ளைகளே,

போன வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு ஊரில் என் மகளைத் தேடி ஓடினேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பெயர் ஜெனிபர். உங்களில் பல பேருக்கு அவளை ஜெனி அக்கா என்று தெரியும். ஞாயிறு பள்ளியில் சைகைப் பாட்டு சொல்லித் தருகிறவள். அன்றைக்கு நான் ஓடினதையும், ஓடும்போது செய்த ஜெபத்தையும், அதற்கு ஆண்டவர் தந்த பதிலையும் உங்களுக்கு எழுதச் சொன்னது அவள்தான். "என் தப்பையும் எழுதுங்க, உங்க தப்பையும் எழுதுங்க. உங்களோடத மட்டும் விட்றாதீங்க" என்றாள். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

ஜெனிக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. அது பெரியவர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில பிள்ளைகளுக்கு வேறு விதமாக வருமாம். உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். இனிப்பு தின்றதால் வருவதல்ல, யாருடைய குற்றமும் அல்ல. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த ஐந்து வருஷமும் நான் செய்தது ஒரே ஜெபம். ஆண்டவரே, இந்த நோயை எடுத்துப்போடும். ஓசூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் ஜெனியைக் கூட்டிப் போய் முன்னால் நிறுத்துவேன். தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் விரலில் குத்தி மீட்டரில் பார்ப்போம். எண் குறைந்திருக்காது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

போன மே மாதம் எங்கள் சபை வாலிபப் பிள்ளைகள் எட்டுப் பேர், நான்கு நாள் ஊழியப் பயணமாக ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டார்கள். கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறினால், பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாந்தோப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாட்டு, கதை, படம் வரைதல் எல்லாம் சொல்லித் தருவதாகத் திட்டம். ஜெனியும் போக வேண்டும் என்றாள். என் மனைவி ரெபேக்காள் வேண்டாம் என்றாள். அங்கே ஆஸ்பத்திரி எங்கே, ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டாள். நான் கம்பெனியில் லீவு போட்டு, சமையல் ஆளாக நானே கூடப் போகிறேன் என்றேன். "கூட்டிட்டுப் போற மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வரணும்" என்று மட்டும் சொல்லி, மருந்தையும் மீட்டரையும் என் கையில் கொடுத்தாள்.

இப்போது என் தப்பு.

ஊழியம் தொடங்குகிற நாளில் மத்தியானம் வரை உபவாசம் இருப்பது எங்கள் சபை வழக்கம். செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் தங்கியிருந்த இடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து, "ஜெனி மட்டும் சாப்பிடும், அதுக்கு உடம்பு சரியில்ல. மத்தவங்க எல்லாம் உபவாசம்" என்று சத்தமாகச் சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். ஏழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அளவு சேராத போல்ட்டின் தலையில் சிவப்பு பெயிண்ட் வைத்துத் தனியாகத் தள்ளிவிடுவோம். என் மகளுக்கு அன்றைக்கு நான் அதைத்தான் செய்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன்.

எட்டு மணிக்கு என் கண் முன்னால்தான் ஊசி போட்டுக்கொண்டாள். டிபன் பாக்ஸில் நாலு இட்லி வைத்துக் கொடுத்தேன். வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாள். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, பிள்ளைகளை அழைக்க வீடுவீடாகப் போனார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பத்தே கால் இருக்கும். ஜெனியோடு போன பிரியா தனியாகத் திரும்பி வந்தாள். ஊரில் ஒரு வீடும் திறந்திருக்கவில்லையாம், எல்லாரும் தோப்புக்குப் போய்விட்டார்களாம். "கடைசி வரிசைய நானே பாத்துட்டு வரேன், நீ போ போன்னு திட்டி அனுப்பிட்டா, மாமா. ஒரு மாதிரி கோவமா இருக்கா" என்றாள்.

ஜெனி யாரையும் திட்டுகிற பிள்ளை அல்ல. சர்க்கரை இறங்கினால் மட்டும் அவளுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். நான் போய் அவள் பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸ் கனமாக இருந்தது. நாலு இட்லியும் அப்படியே இருந்தன.

கையைக் கூடக் கழுவவில்லை. மீட்டரையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிரியா சொன்னது சரிதான். முதல் வீடு பூட்டு. அடுத்த வீடு பூட்டு. அந்த வரிசை முழுக்கப் பூட்டு. மாங்காய் பறிக்கிற மாதத்தில் அந்த ஊரில் பகலில் ஆள் இருக்காது என்பது ஓசூர்க்காரனான எனக்குத் தெரியவில்லை. காலை நேரத்தில் வகுப்பு வைத்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. "ஜெனி" என்று கத்தினேன். ஒரு நாய்தான் குரைத்தது. பிள்ளை எந்தச் சுவரோரம் விழுந்து கிடக்கிறாளோ, நான் வந்து சேரும்போது நேரம் தாண்டியிருக்குமோ என்று ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ரெபேக்காளுக்கு என்ன பதில் சொல்வேன்?

பிள்ளைகளே, நான் சபையில் நீளமாக ஜெபிக்கிறவன். உங்களுக்கே தெரியும், நான் ஜெபித்தால் நீங்கள் நடுவில் கண்ணைத் திறந்து பார்ப்பீர்கள். அன்றைக்கு அப்படி வரவில்லை. நோயை எடுத்துப்போடும் என்ற ஐந்து வருஷத்து ஜெபமும் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு வீடு திறந்திருக்கட்டும்." இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

தெருக்கோடியில், தோப்பை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது.

வாசல் படியில் ஜெனி உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து கழுத்து வரை வியர்வை. ஒரு அம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்து, சொம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர். நான் போய் நின்றதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நீங்கதான் அப்பாவாணா? புள்ளைக்கு சுகர் எறங்கிப் போச்சு. கொஞ்சம் பொறுங்க, இன்னும் ரெண்டு வாய் இருக்குது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோயாம், ஊசி போடுகிறவராம். ஒரு முறை தக்காளித் தோட்டத்தில் இதேபோல் விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வியர்வையையும் அந்தக் குழறலையும் எங்கே பார்த்தாலும் தெரியும் என்றார்கள். மஞ்சுளா என்று பெயர். மாந்தோப்பும் கொஞ்சம் தோட்டமும் வைத்துப் பாடுபடுகிறவர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னோடு தமிழில் பேசினார்கள்.

மீட்டரில் பார்த்தேன். எண் அப்போதும் குறைவுதான், ஆனால் ஆபத்தைத் தாண்டியிருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். ஏறியிருந்தது. அதன் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

மஞ்சுளா அக்கா சிரித்துவிட்டார்கள். "உங்க பொண்ணு வந்து எங்க கன்னுக்குட்டி முன்னால நின்னுச்சுணா. தங்கச்சி, நாளைக்குப் பாட்டு கிளாஸ் இருக்குது, தவறாம வந்துடுன்னு அதுகிட்ட சொல்லுது. நான் பின்னாடி நின்னு பாக்கறேன். இது வெளையாட்டு இல்ல, தலை சுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு."

ஜெனி கண்ணைத் திறந்து, "நெஜமாவா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தெளிவாகப் பேசினதே எனக்குப் போதுமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் இருந்திருக்கவே மாட்டார்களாம். விடிந்ததிலிருந்து தோப்பில்தான் இருந்தார்களாம். மாங்காய் பறிக்கிற நீளக் கோலில் கட்டிய வலை கிழிந்துவிட்டதாம். வேறு வலை எடுத்துப் போக வந்தார்களாம். வந்து கதவைத் திறந்தபோதுதான் கன்றுக்குட்டிப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டிருக்கிறது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலை கிழிந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜெபிக்கவே தொடங்கவில்லை.

அன்றைய உபவாசத்தை என் மகள் அந்த வீட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு முடித்தாள். எனக்கும் ஒரு உருண்டை வைத்தார்கள். உபவாசம் என்று சொல்ல வாய் எடுத்தேன். மஞ்சுளா அக்கா பார்த்த பார்வையில் பேசாமல் சாப்பிட்டேன். நாங்கள் எதற்கு ஊருக்கு வந்தோம் என்று கேட்டார்கள். சொன்னேன். "காலைல வந்தா இங்க யாரு இருப்பாங்க? லோடு வண்டி போனதுக்கப்புறம் நாலு மணிக்கு வைங்க. நானே புள்ளைங்களுக்குச் சொல்லி விடறேன்" என்றார்கள்.

அவர்கள் தோப்புக்குப் போன பிறகு, படியில் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்திருந்தோம். ஏன் கண்ணு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சொன்னாள்.

"நீங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னதும் வெக்கமாப் போச்சுப்பா. அது மட்டும் இல்ல. எத்தனையோ பேர் ஜெபம் பண்ணியும் எனக்குச் சொகமாகல. எனக்கு விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன். இன்னிக்கு மட்டும் உபவாசத்த முழுசா முடிச்சிட்டா ஆண்டவர் என்னைத் தொடுவாருன்னு நெனச்சேன். நீங்க மீட்டரப் பாத்துட்டு மூஞ்சி சுருங்கிப் போறத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியல."

ஐந்து வருஷமாக ஜெபிக்கிறேன் என்று பெருமைப்பட்ட நான், என் ஜெபத்தின் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். அந்தப் படியிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு விசுவாசம் பத்தலன்னு யாரும் சொல்லல கண்ணு. எனக்குத்தான் பொறுமை பத்தல" என்றேன். அவள் என் கையை முகர்ந்து பார்த்து, வெங்காய நாற்றம் தாங்கவில்லை என்று தள்ளிவிட்டாள். அப்படித்தான் எங்கள் வீட்டில் மன்னிப்பார்கள்.

ரெபேக்காளுக்குப் போன் செய்தே ஆக வேண்டும். மத்தியானம் மஞ்சுளா அக்கா சாப்பாட்டுக்கு வந்தபோது, அவர்கள் வாசலில் நின்றே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரெபேக்காள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட போனக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். என் மனைவிக்கு அக்கம்பக்கத்தில் பழகின தெலுங்கு. இரண்டு பேரும் பாதி தெலுங்கு, பாதி தமிழில் பத்து நிமிஷம் பேசினார்கள். நடுவில் மஞ்சுளா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், உடனே சிரிக்கவும் செய்தார்கள். கன்றுக்குட்டி கதையாக இருக்கும். போன் திரும்ப என்னிடம் வந்தபோது, உடனே கூட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இருந்து முடிச்சிட்டு வரட்டும். அங்க ஒரு அம்மா இருக்காங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் இன்னும் அதிகம். கையெல்லாம் மாம்பால் கறை. ஜெனி மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் தன் நோயைத் தானே விளக்கிச் சொன்னாள். சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரியாவின் பையிலும் போட்டு வைத்தாள். தன்னிடம் இருப்பதைக் கொடுக்கத்தான் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தாளாம். ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடிக்கவும் ஆண்டவர் அனுப்புவார் என்று கற்றுக்கொண்டாளாம். இதை அவள் சொன்னபோது எனக்கும் புதிதாகத்தான் இருந்தது.

நோய் போகவில்லை. நேற்றும் ஊசி போட்டாள், நாளைக்கும் போடுவாள். நான் இன்னும் அதற்காக ஜெபிக்கிறேன், ஆனால் மீட்டரைப் பார்த்து அல்ல. மஞ்சுளா அக்காவுக்கும் அவர்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து தினமும் ஜெபிக்கிறோம். ரெபேக்காளும் அவர்களும் போனில் பேசுவதை நிறுத்தவே இல்லை.

ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனி சபையில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெட்கத்துக்காகப் பட்டினி கிடந்தவர்களாம். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லையாம். இப்போது உபவாச நாளில் எங்கள் சபையில் ஒரு பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஏழு பேருக்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு டிபனைத் திறப்பது ஜெனி.

பிள்ளைகளே, உங்களிடம் மறைத்து வைத்த ஒன்று இருந்தால், வியாதியோ பயமோ எதுவாக இருந்தாலும், தனியாகத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்ததைத் தவறாமல் போடுங்கள். அதனால் உங்கள் விசுவாசம் ஒரு துளியும் குறையாது. ஆண்டவரிடமும் சொல்லுங்கள். நீளமாகச் சொல்லத் தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். வெங்காயக் கையோடு ஓடின ஒருவனின் ஒரு வரி ஜெபத்தைக் கேட்டவர், உங்களுடையதையும் கேட்பார். இதை நான் படித்துச் சொல்லவில்லை. என் மகள் உயிரோடு பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருக்கிறாள், அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.