ஒரு சந்தேகம் கேட்ட நாற்காலி

நாற்காலி போட்டு எடுக்கிற வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: உட்கார்ந்தவர் எழுந்து போன உடனே நாற்காலி காலியாகிவிடுவதில்லை. சூடு கொஞ்ச நேரம் நிற்கும். வாசனை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். சிலருடையது அதற்கு மேலும் நிற்கும். உங்களில் யாராவது மண்டபத்தில் வேலை பார்த்திருந்தால் நான் சொல்வதை நம்புவீர்கள். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எனக்கு வேலை. எழுபதாம் வருஷத்தை ஒட்டி, ஆறு சனிக்கிழமை சாயங்காலம், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு புரொபசர் வந்து அமெரிக்கச் சரித்திரம், சட்டம், அரசியல் என்று பொதுமக்களுக்குப் பேசினார். நாற்காலி போட்டு, கூஜாவில் தண்ணீர் வைத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். நாலு பேர் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது.

இடுப்பில் என் மகள் செல்வி. மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கும். 'அம்மா' என்றுகூட வாயில் வராது. சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருவில் ஊமைச்சி என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஓயாமல் பேச்சு நடக்கிற இடத்தில் இருந்தால் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளாதா என்றுதான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சட்டத்துக்கு அடித்த ஆணி

முதல் கூட்டத்துக்கு முந்தின நாள், அமெரிக்கச் சட்டம் வருகிறது, மேடையைத் தயார் பண்ணி வை என்று ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். சட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும் போடுகிற மரச்சட்டம்தான். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் கனமாக இருக்குமே என்று மேடைச் சுவரில் நாலு அங்குல ஆணியாகப் பார்த்து அடித்து வைத்தேன். மறுநாள் வந்து இறங்கியவர் கண்ணாடி போட்ட புரொபசர் மட்டும்.

பியூன் முனுசாமி அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஆணியைப் பிடுங்கப் பார்த்தார். சுத்தியலைத் திருப்பிப் போட்டு நெம்பியும் வரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. ஆணியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "வெறும் ஆணியா வுடக்கூடாதும்மா. அட்ச்சிட்ட இல்ல, இனிமே யாருனா ஒர்த்தரு அதுல மாட்டிகினுதான் ஆவணும்."

வாயைத் திறக்காத உரிமை

மூன்றாவது கூட்டத்தில் புரொபசர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த நாட்டில் போலீஸ் ஒருவனைப் பிடித்தால், விசாரிப்பதற்கு முன்னால், நீ பேசாமல் இருக்கலாம் என்று அவனிடமே சொல்ல வேண்டுமாம். பேசாததைக் குற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். அடித்து உருட்டிப் பேசவைக்கக் கூடாதாம். கதவுக்குப் பின்னால் நான் செல்வியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வரட்டும் என்று என் பிள்ளை நாக்கில் வசம்பு உரசித் தடவியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி நாக்கைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டாள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று புரொபசர் சொன்னதும், மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து அத்தர் பாய் எழுந்தார். கடைத்தெருவில் அத்தர் விற்கிறவர். எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையதுதான். "ஒரு சந்தேகம்" என்று கடைசி எழுத்தை இழுப்பார். அவர் இழுத்து முடிப்பதற்குள் புரொபசர் "கேளுங்க பாய்" என்பார். அன்றைக்கு பாய் கேட்டது, பேசாமல் இருப்பவன் கடைசி வரைக்கும் அப்படியே இருந்துவிட வேண்டியதுதானா என்று. இல்லை, அவனாக மனசு வைத்தால் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றார் புரொபசர்.

கூட்டம் கலைந்ததும் பாய் வழக்கம்போல் செல்வியின் புறங்கையில் ஒரு சொட்டு அத்தர் தடவினார். அவள் தூங்குகிற வரைக்கும் அதை முகர்ந்துகொண்டே இருப்பாள். என்னை நேராகப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டியாம்மா? உன் மவ சட்டப்படிதான் இருக்கா. பேசறப்போ பேசுவா. நான் அதைக் கேட்டுட்டுத்தான் போவேன்."

மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி

ஐந்தாவது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாய் கடையிலேயே மௌத்தாகிவிட்டார். சாவுச் சேதி கேட்டதும் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. வழக்கமாகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று அவர் மகன் ஒரு படம் கொண்டுவந்தார். மாலை மட்டும் வேண்டாம், எங்களில் வழக்கமில்லை என்றார். மேடைச் சுவரில் வேறு ஆணி கிடையாது. நான் அடித்ததில்தான் மாட்டினார்கள். மாலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல், உயிரோடு இருக்கிறவர் படம்போலவே அது மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தன்று அவர் நாற்காலியில் இன்னொருத்தர் உட்காருவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. என் கையாலேயே மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி விரித்தபடி பழைய இடத்தில் இருந்தது. அது எட்டு வயசுப் பிள்ளைக்கே விரிக்க வராத இரும்பு நாற்காலி. அதன் முன்னால் செல்வி புறங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கையை எடுத்து முகர்ந்தேன். அத்தர். காலையில்தான் அவளைக் குளிப்பாட்டியிருந்தேன்.

முனுசாமி அண்ணனிடம் ஓடி, ஏன் அதை எடுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பெட்ரோமாக்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் இன்னிக்கி உள்ளயே வர்லியேம்மா. நீ போட்டேன்னுதான நென்ச்சிகினு கீறேன்."

கடைசிச் சனிக்கிழமை

கடைசிக் கூட்டத்துக்குச் செல்வியைக் கொண்டுபோகக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுட்டுத்தான் போவேன் என்று சொன்னவர் கேட்காமலே போய்விட்டார். கேட்பதற்காக என் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஆனால் அவள் அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மதிய ஷிப்ட். விட்டுவிட்டு வர வேறு ஆள் இல்லை. முந்தானையை அவள் கையில் முடிந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

புரொபசர் பேச்சை முடித்துக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். ஒருத்தரும் எழவில்லை. பழக்கத்தில் எல்லார் தலையும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. நானும் பார்த்தேன். என் முந்தானை முடிச்சு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"ஒரு சந்தேகம்..."

ஓர நாற்காலியின் மேல் செல்வி நின்றுகொண்டிருந்தாள். குரல் அவளுடையது. அந்த இழுப்பு அவளுடையது இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் நடு மண்டபத்தில் ஓடி அவளை வாரி எடுத்தேன். நாற்காலியில் என் கை பட்டது. யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. மேடையில் புரொபசர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எப்போதும்போலச் சொன்னார்: "கேளுங்க பாய்."

*

அதற்குப் பிறகு செல்வியின் கையில் அத்தர் வாசனை வந்ததில்லை, அவள் வாயும் மூடியதில்லை. பேசாமல் இருக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறதடி என்று நான் கெஞ்சினால், "அம்மா, ஒரு சந்தேகம்" என்று இழுக்கிறாள்.